அறுபத்தொன்றாம் பக்கம்

காரணங்கள் வெளியே போகக் கூடாது என்றார்கள்.
முடிவு மட்டும் போதும்.
நியூயார்க், பிப்ரவரி, ஒன்பதாம் மாடி:
ஐந்து நடுவர்கள், முக்கி முனகும் ஒரு ஹீட்டர், நான்.
எனக்கு வாக்கு இல்லை. விசைப்பலகை உண்டு.
வினிஃப்ரெட் டாலிவருக்குக் காது கேட்காது.
மற்ற நால்வர் பேசப் பேச
அவர் எதிரே உள்ள திரையில்
நான் எழுத்தாக்க வேண்டும்.
மாலையில் அழித்துவிட வேண்டும்.

கடைசிச் சுற்றில் மூன்று பிரதிகள்.
ஒன்று விவாகரத்து: இரண்டு பேர், ஒரு சோபா.
ஒன்றில், போரிலிருந்து வந்தவன் நாயோடு பேசுகிறான்.
மூன்றாவது இசை நாடகம்.
பேட்டர்சனில் ஒரு சலவை ஆலை,
இரவுப் பணியில் பதினொரு பெண்கள்,
கொதிகலன் வெடிக்க இன்னும் எட்டு மணி நேரம்.

ஆன்செல் லூபின் கண்ணாடியைக் கழற்றினார்.
கழற்றினால் நீளமாகப் பேசுவார், எனக்கு விரல் வலிக்கும்.
"இது எழுத்துக்கான பரிசு.
மெட்டைக் கழித்துப் பாருங்கள், மிச்சம் என்ன?
அறுபத்தொன்றாம் பக்கத்தில்
'மடி' என்று ஆறு முறை.
சலவைக் கணக்குக்கா பரிசு?"

"உப்பைக் கழித்துவிட்டுத்தான்
சூப்பை ருசி பார்ப்பீர்களா?" என்றார் லியோகாடியா.
ப்ரூயிட் சமாதானத்துக்கு வந்தார்:
இந்த ஆண்டு நாற்பத்திரண்டு இசை நாடகம் படித்தாராம்,
நாற்பதில் பாட்டு வந்தால் கதை
ஓரமாய் நின்று சிகரெட் பிடிக்கிறதாம்.
இதில் அப்படியில்லை, கேளுங்கள் என்று
கண்ணை மூடி முனகத் தொடங்கினார்.

எப்படித் தட்டச்சு செய்வது அதை?
எழுத்தில்லை, நிறுத்தமில்லை,
மேலே போய் ஓரிடத்தில் தயங்கி
வேறு வழியாய் இறங்கியது.
[மெட்டு] என்று அடித்தேன்.
திரையைப் பார்த்து வினிஃப்ரெட் சிரித்தார்.
அரை நிமிடம் கழித்து
[இன்னும் மெட்டு].

பிறகு அவர் பேசினார், தன் குரலின் உயரம் தெரியாமல்:
"முதல் 'மடி' மேற்பார்வையாளரின் ஆணை.
இரண்டாவது கையின் பழக்கம்.
மூன்றாவதில் துணியே இல்லை,
யாருடைய மடியிலோ பிள்ளை தூங்குகிறது.
அடுத்த இரண்டை நான் சொல்ல மாட்டேன்.
ஆறாவதுக்கு முன்னால்
பேசுகிறவளின் பெயர் இல்லை.
பதினொரு பெயரையும் வைத்துப் பார்த்தேன்.
யாரும் மிச்சமில்லை, சொல்ல.

அந்த இடத்தில் மெட்டு என்ன?"

லியோகாடியா இரண்டு முறை பார்த்தவர்.
கொஞ்ச நேரம் பேசவில்லை. (நான் எதுவும் அடிக்கவில்லை.)
"அங்கே நடனம்," என்றார்.
"நான்காவதிலேயே கைதட்டல் எழுந்துவிடும்.
மிச்ச இரண்டு எனக்குக் கேட்டதே இல்லை."

"பார்த்தீர்களா," என்றார் ஆன்செல், மென்மையாகத்தான்.
"மேடையில் யாரும் பார்க்காத நாடகம் அது.
உங்கள் பக்கத்தில் மட்டும் நடக்கிறது."
"சோபாவை மட்டும் எங்கே பார்த்தீர்கள்?
அதையும் படுக்கையில் சாய்ந்து
படித்துத்தானே மதிப்பெண் போட்டீர்கள்?"

மூன்றுக்கு இரண்டு. சோபா வென்றது.

பத்திரிகைக்கு ஒரு வரி வேண்டும் என்றார் தலைவர்.
ஆன்செல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
சன்னலைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அடித்தேன்:
"ஒவ்வொரு உரையாடலும்
தேர்ந்த இசைபோல் ஒலிக்கும் படைப்பு."

வினிஃப்ரெட் திரையைப் படித்தார்.
என்னைப் பார்த்தார்.
மறுபடி திரையை.

கோட்டு மாட்டும் சத்தம், நாற்காலி சத்தம்,
யாரோ லிஃப்ட்டை அழுத்தியிருந்தார்கள்.
கோப்பை அழிக்கவா என்று கணினி கேட்டது.
ஆம், இல்லை,
இரண்டு பெட்டிகள்.
ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.
அதை எப்படி அடிப்பது என்று யோசித்தேன்.